சத்தம் போடாத மோகனம்

ச ரி க ப த ச. இல்லை, வாயை மூடு வதனி. வாயை மூடிப்போட்டு நினை. ச எண்டா அது மண்டைக்குள்ள நிக்கவேணும், தொண்டைக்கு இறங்கப்படாது. பஸ் இப்பதான் நெல்லியடியைத் தாண்டுது, யாழ்ப்பாணம் போய்ச் சேர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு, பின்னேரம் ஒரு மணிக்குப் பேப்பர், உயர்தரம், கர்நாடக சங்கீதம், எழுத்துப் பரீட்சை. முப்பத்திநாலு வயசில, பதின்மூண்டு வயசுப் பெட்டைக்குத் தாயா இருந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையள் எழுதிற ஏலெவல் சோதினையைப் பிரைவேட்டா எழுதப் போறன். ஆர் என்ன சொன்னாலும் சொல்லட்டும், எனக்குச் சரியான சந்தோசமாக் கிடக்கு. பயமும் கிடக்கு, அது வேற, அது ஒரு மூலையில கிடக்கட்டும். ச ரி க ப. வலக்கையின்ர ரெண்டு விரலைத் தொண்டையில வைச்சிருக்கிறன், இது மகள் ஆரணி கண்டுபிடிச்ச வித்தை. மூண்டு மாசமா ஒவ்வொரு பின்னேரமும் குசினிக்குள்ள வந்து, டொக்டர் நாடி பாக்கிற மாதிரி என்ர தொண்டையில ரெண்டு விரலை வைச்சுக்கொண்டு கேள்வி கேப்பாள், நான் கரண்டியோட நிண்டு மறுமொழி சொல்லவேணும், ஆனா மறுமொழியை யோசிக்கிற நேரத்தில தொண்டை துடிக்கப்படாது. துடிச்சா, "அம்மா, அடிக்குது, பிழை," எண்டுவாள். மறுமொழி சரியா இருந்தாலும் பிழைதான். நான் பெத்தது எனக்கு மேற்பார்வைக்கு நிக்குது. முதல் மாசம் முழுக்கப் பிழை. தோசை கருகிச்சுது, சாம்பாருக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டன், என்ர மனுசன் அதையும் சாப்பிட்டார், பாவம். இப்ப பக்கத்து சீற்றில என்ர நோட்ஸ் கொப்பியை மடியில விரிச்சு வைச்சுக்கொண்டு இருக்கிறார், மோட்டர் திருத்திற கடையை அரைநாள் பூட்டிப்போட்டு வந்திருக்கிறார், நகத்துக்குள்ள கிறீஸ் அப்பிடியே கிடக்கு. கொப்பியில கிறீஸைப் பிரட்டப்போறார். பிரட்டட்டும்.

எனக்கு ஒரு குறை. சங்கீதத்தைப் பாடாம யோசிக்கத் தெரியாது. சிலபேர் விரலை மடிக்காமக் கணக்குச் செய்ய மாட்டினம் எல்லே, அப்பிடி. ஒரு ராகத்தின்ர ஏறுவரிசையை எழுதச் சொன்னா நான் அதைத் தொண்டைக்குள்ள ஒருக்கா பாடித்தான் எழுதுவன், நடுவில இருந்து கேட்டா முதல்ல இருந்து பாடிக்கொண்டு வந்துதான் அந்த இடத்தில நிப்பன். நான் பாடுறது எனக்கே தெரியாது, அதுதான் வில்லங்கம். பத்தொன்பது வயசில இதே பேப்பரை எழுதப் போனன். மோகன ராகத்தில வர்ணம் எண்டு ஒரு பாட்டு, அதின்ர பல்லவியைச் சுரம் பிரிச்சு எழுதச் சொல்லிக் கேள்வி. எனக்கு அல்வா மாதிரிக் கேள்வி. அரைவாசி எழுதேக்க மேற்பார்வைக்கு நிண்ட மிஸ் வந்து, "பிள்ளை, சத்தம் போடாதை," எண்டா. ஆர் சத்தம் போட்டது எண்டு நான் திரும்பிப் பாக்கிறன். ரெண்டாந்தரம் வந்தா. மூண்டாந்தரம் வரேக்க மேசையோட தூக்கிக்கொண்டுபோய் விறாந்தையில தண்ணிப் பைப்புக்குப் பக்கத்தில இருத்திப்போட்டா. ரெண்டு காகம் பைப்படியில சண்டை. எனக்கு ச எது ப எது எண்டு தெரியேல்லை. எல்லாம் போட்டுது, துடைச்சு விட்ட மாதிரி. ஒரு மணித்தியாலம் வெறும் கடதாசியைப் பாத்துக்கொண்டிருந்தன். பெறுபேறு வந்தது, மற்ற ரெண்டும் சித்தி, சங்கீதத்துக்கு எஃப். ஊரில ஒரு கலியாணவீடு எண்டாலும் வதனியைக் கூப்பிடு, திருவிழா எண்டாலும் வதனியைக் கூப்பிடு, சனம் நடுவழியில சைக்கிளை நிப்பாட்டிப்போட்டு நிண்டு கேக்கும், ஆனா கடதாசியில மட்டும் நான் சங்கீதத்தில ஃபெயில். வேறெதில ஃபெயில் எண்டாலும் எனக்கு ஒண்டுமில்லை. எனக்குத் தெரிஞ்ச ஒரே ஒரு விசயத்துக்கு எதிர எஃப் போட்டுக் கிடக்கிறதை என்னால தாங்க ஏலாது, அவ்வளவுதான், வேற ஒரு காரணமும் இல்லை. வேலைக்கோ எண்டு கேக்கினம், சம்பளம் கூடுமோ எண்டு கேக்கினம். இல்லை. அந்த எஃப்பை அழிக்கவேணும்.

"இஞ்ச, கேக்கட்டோ?" எண்டுறார் மனுசன். கேளுங்கோ எண்டன். கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிச்சுக்கொண்டு, "மிஸ்ர சாதி ஜம்பை தாளம், எத்தினை அட்சரம்?" எண்டு பரீட்சைத் திணைக்களத்தின்ர ஆணையாளர் மாதிரிக் கேக்கிறார். மிஸ்ரம் எண்டா ஏழு. மடியில கையை வைச்சு, ஒரு தட்டு, பிறகு சின்ன விரலில துவங்கி ஆறு எண்ணிக்கை, அது ஏழு. பிறகு ஒரு தட்டு மட்டும், அது ஒண்டு. பிறகு தட்டி வீசுறது, ரெண்டு. "பத்து." அவர் கொப்பியைப் பாக்கிறார், என்னைப் பாக்கிறார், "பத்துத்தான் போட்டிருக்கு, எங்க பாத்தனீ?" எண்டுறார். "விரலைப் பாத்தனான்." "அப்ப கொப்பி என்னத்துக்கு?" "உங்களுக்குப் பிடிக்க ஏதாவது வேணுமெல்லே." கண்ட சாதி அட தாளம், அஞ்சு அஞ்சு ரெண்டு ரெண்டு, பதினாலு. சதுஸ்ர சாதி துருவ தாளம், நாலு ரெண்டு நாலு நாலு, அதுவும் பதினாலு. ரெண்டும் பதினாலு, ஆனா கையால போட்டுப் பாருங்கோ, ரெண்டு வேற ஆக்கள், ஒருத்தன் நிண்டு நிண்டு நடப்பான், மற்றவன் ஓடிக்கொண்டே இருப்பான். இதை முதன்முதல் கண்டுபிடிச்ச அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டு தனிய சிரிச்சனான். ஆரணி ஓடிவந்து, "என்னம்மா?" எண்டாள். "ரெண்டும் பதினாலடி." "அதுக்கு ஏன் சிரிக்கிறியள்?" இவ்வளவு காலமும் பாடின பாட்டுக்குள்ள இப்படி ஒரு ஒழுங்கு இருந்திருக்கு, நான் அதுக்கு மேல ஏறி நடந்து திரிஞ்சிருக்கிறன், கீழ பாக்கேல்லை.

றைவர் பாட்டுப் போட்டிட்டான். நான் நினைச்சனான், வல்லை வெளி வர முன்னம் போடுவான் எண்டு. சினிமாப் பாட்டு, பஸ் கண்ணாடியெல்லாம் அதிருது, அதுவும் கல்யாணி ராகம், என்ர மோகனத்துக்கு மேல கல்யாணி வந்து ஏறி இருக்குது. ச ரி க, அங்கால ம எண்டு இழுக்குது பாட்டு, மோகனத்தில ம கிடையாது அப்பனே, ச ரி க ப, இல்லை அது வந்து ம-வில நிக்குது. கொண்டக்டர் பெடியனைக் கூப்பிட்டு, "தம்பி, பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும், நான் சங்கீதம் படிக்கிறன்," எண்டன். "அக்கா, இதுவும் சங்கீதந்தானே," எண்டுபோட்டு ரிக்கெற்றைக் கிழிச்சுத் தந்திட்டுப் போறான். முன் சீற்றில இருந்த ஒரு மனுசி சிரிக்கிறா. சரி, கிடக்கட்டும். மண்டபத்தில காகம் கத்தும், ஃபான் கிறீச்சிடும், ஆரும் வந்து எனக்காக உலகத்தை நிப்பாட்டப் போறேல்லை. கல்யாணி பாடட்டும், நான் கல்யாணிக்குக் கீழால போறன். கல்யாணி, எழுபத்திரண்டு தாய்ராகத்தில எத்தினையாவது மேளம்? மேசகல்யாணி. பேரின்ர முதல் ரெண்டு எழுத்துக்கும் இலக்கம் கிடக்கு, மே அஞ்சு, ச ஆறு, ஐம்பத்தாறு, அதைத் திருப்பினா அறுபத்தஞ்சு. அறுபத்தஞ்சாவது மேளம். பேரைச் சொன்னாலே அது இருக்கிற இடத்தின்ர இலக்கம் வந்திடும், எழுபத்திரண்டு ராகத்துக்கும் அப்பிடி, முதல் முப்பத்தாறுக்குச் சின்ன ம, மற்ற முப்பத்தாறுக்குப் பெரிய ம. எந்தப் புண்ணியவான் யோசிச்சானோ, அவன் வீட்டில சீனிப் போத்தலும் உப்புப் போத்தலும் மாறியிருக்கவே மாட்டுது.

"என்ர பேருக்கு என்ன வரும்?" எண்டு மனுசன் கேக்கிறார். இது பரீட்சைக்கு வராத கேள்வி, எண்டாலும் விட மனமில்லை. சிவரூபன். சி, அது சிவனின்ர சி, அதுக்கு அஞ்சு, வ நாலு, ஐம்பத்திநாலு, திருப்பினா நாப்பத்தஞ்சு, சுபபந்துவராளி. "அது நல்ல ராகமோ?" "நல்ல ராகம், கேட்ட உடன அழுகை வரும்." "பொருத்தந்தான், கட்டினது உன்னையெல்லே," எண்டுறார். சரி, உனக்கு எண்டு கேக்கிறார். வதனி, வ நாலு, த எட்டு, நாப்பத்தெட்டு, திருப்பினா எண்பத்திநாலு. நான் நிண்டிட்டன். மொத்தமே எழுபத்திரண்டுதான், எண்பத்திநாலாவது மேளம் எண்டு ஒண்டு உலகத்தில இல்லை. சொன்னன். மனுசன் கொப்பியை மூடி மடியில வைச்சுப்போட்டு, "பதினாலு வருசமா நான் இதைத்தானே சொல்லுறன், நீ கணக்குக்குள்ள அடங்காத ஆள் எண்டு," எண்டுறார், சத்தமா, அந்த முன் சீற்று மனுசி திரும்பித் திரும்பிப் பாக்கிறா. எனக்கு வெக்கமாயும் கிடக்கு, சிரிப்பாயும் கிடக்கு. இந்த மனுசன் ஒரு பாட்டுக்கு ஒழுங்காத் தாளம் போட்டதைக் கண்டதில்லை. கலியாணம் கட்டின புதுசில நான் பாட அவர் கை தட்டினார், நான் பாட்டை நிப்பாட்டிப்போட்டு, தயவு செய்து கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ எண்டன். அண்டையில இருந்து நான் பாடினா கையைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார். சனம் நினைக்கும் ஏதோ கோவமாக்கும் எண்டு.

வல்லை வெளி. ரெண்டு பக்கமும் தண்ணி, காத்து அள்ளி அடிக்குது, பாட்டுச் சத்தத்தையும் காத்து கொண்டுபோகுது. இப்ப மோகனம். வர்ணத்தின்ர துவக்கம், மெதுவா, உள்ளுக்க. ஒண்டு ரெண்டு மூண்டு நாலு எண்டு ஆதி தாளம் போய்க்கொண்டிருக்கு, எட்டு வரேக்க ஒரு சுத்து. விரலுக்குக் கீழ தொண்டை சும்மா கிடக்குது. நல்ல பிள்ளை, அப்பிடியே கிட. ரெண்டாவது சுத்து. மேல போற இடம், த-வைத் தொட்டு மேல் ச-வுக்குப் போற இடம், அதில எனக்கு எப்பவும் ஒரு ஆசை, அந்த இடத்தில கொஞ்சம் நிண்டு போகவேணும் எண்டு, ஐயோ, அடிக்குது. விரலுக்குக் கீழ பூனைக்குட்டி மாதிரித் துடிக்குது. போட்டுது. பிழை. அங்கதான் எப்பவும் பிழைக்கிறது, ஆசை வாற இடத்தில. ஆசை இல்லாத இடமெல்லாம் சத்தமில்லாமப் போகும், விருப்பமான இடம் வந்த உடன சத்தம் வந்திடும், எனக்கு எப்பிடித் தெரியும் வரப்போகுது எண்டு, நான் பாடுறதே எனக்குக் கேக்காதே. மண்டபத்தில விரலைத் தொண்டையில வைச்சுக்கொண்டு எழுத ஏலுமோ, எழுதுற கை வலக்கை, இடக்கை தாளத்துக்கு வேணும். திருப்பியும் மேசையைத் தூக்குவினம். முப்பத்திநாலு வயசு மனுசியை மேசையோட தூக்கி விறாந்தையில வைப்பினம், பிள்ளையள் பாத்துக்கொண்டிருக்குங்கள், பிறகு ஆரணிக்கு நான் என்னெண்டு போய்ச் சொல்லுவன். "தங்கச்சி, தொண்டை நோவோ?" முன் சீற்று மனுசி கேக்கிறா, முழுசாத் திரும்பி இருந்திட்டா, "அப்ப இருந்து பாக்கிறன், தொண்டையைப் பிடிச்சுக்கொண்டே இருக்கிறியள், மல்லி அவிச்சுக் குடியுங்கோ, வேர்க்கொம்புச் சுக்கும் தட்டிப் போட்டு." ஓமக்கா எண்டன். நோவில்லை அக்கா, இதுக்குள்ள ஒருத்தி இருக்கிறா, அவவைக் கொஞ்ச நேரம் பேசாம இருக்கச் சொல்லிக் கேக்கிறன் எண்டு சொன்னா, மனுசி பஸ்ஸை மந்திகை ஆசுப்பத்திரிக்குத் திருப்பச் சொல்லுவா.

புத்தூர். நீர்வேலி, வாழைத்தோட்டம், வாழைத்தோட்டம், திருப்பியும் வாழைத்தோட்டம். பயத்தை விட்டிட்டு எனக்குப் பிடிச்சதைப் படிப்பம். கிரகபேதம். மோகனத்தின்ர அஞ்சு சுரத்தை எடுத்து, ஒண்டையும் மாத்தாம, ஆளை மட்டும் இடம் மாத்தி இருத்திறது. ரி-யை ச எண்டு வைச்சுப் பாடினா மத்தியமாவதி. க-வில இருந்து பாடினா இந்தோளம். ப-வில இருந்தா சுத்தசாவேரி. த-வில இருந்தா சுத்ததன்யாசி. அதே அஞ்சு சுரம். ஒண்டு கூடேல்லை, ஒண்டு குறையேல்லை. இதைப் படிச்ச அண்டைக்கு எனக்கு நித்திரை வரேல்லை, நான் அஞ்சு ராகத்தையும் இருவது வருசமாப் பாடுறன், அஞ்சும் ஒரே குடும்பம் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஒரே லேனில அஞ்சு வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு திரிஞ்சிட்டு, பிறகு அஞ்சும் அக்கா தங்கச்சியவையின்ர வீடு எண்டு அறிஞ்ச மாதிரி. பாஸோ ஃபெயிலோ, இந்த மூண்டு மாசம் என்னட்டை இருந்து ஒருத்தரும் பறிக்க ஏலாது. இல்லை, அப்பிடிச் சொல்லாதை வதனி, அது பயத்தில சொல்லுற கதை. எனக்குப் பாஸ் வேணும். எனக்கு வேணும். கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு, பஸ்ஸில ஆக்கள் ஏறி இடிச்சுக்கொண்டு நிக்கினம், ஒருத்தரின்ர குடைக்கம்பி என்ர தோளில குத்துது, ச ரி க ப த ச, ச த ப க ரி ச.

பரீட்சை நடக்கிற பள்ளிக்கூட வாசலில மனுசன் கொப்பியை வாங்கி வைச்சுக்கொண்டார். அடையாள அட்டை, பேனை ரெண்டு, தண்ணிப் போத்தல் எல்லாத்தையும் தானே ஒருக்காப் பாத்தார். பிறகு போத்தல் மூடியை இன்னொருக்கா இறுக்கினார். நான், "ஏதாவது சொல்லுங்கோவன்," எண்டன். "என்னத்தைச் சொல்ல, எனக்கு உன்ர பாட்டைக் கேக்கத்தான் தெரியும்," எண்டார். எனக்குக் கண்ணுக்குள்ள தண்ணி வந்திட்டுது, "போங்கோ, இதில நிண்டு அழப் பண்ணாதேங்கோ," எண்டுபோட்டு உள்ளுக்க போனன். மண்டபம் முழுக்க ரெண்டாந்தரம் எடுக்கிற பிள்ளையள், இருவது இருவத்தொரு வயசு, நான்தான் கிழவி. ஒரு பெடியன் நான் மேற்பார்வைக்கு வந்த மிஸ் எண்டு நினைச்சு எழும்பி நிண்டான். இரு ராசா, நானும் உன்னோடதான் எண்டன். என்ர மேசை நடுவில கிடந்தது. விறாந்தைப் பக்கம் இல்லை. பேப்பர் வந்தது, முதற்பகுதி, தாளம், மேளம், கை தன்ர பாட்டில எழுதுது, மடியில இடக்கை சத்தமில்லாம எண்ணுது. தலையை நிமித்திப் பாத்தா மண்டபத்தில எல்லாற்ர இடக்கையும் மேசைக்குக் கீழதான், எல்லாரும் தங்கட தங்கட துடையில விரலால எண்ணிக்கொண்டிருக்குங்கள், அந்தப் பெடியனின்ர கால் முழுக்க ஆடுது. இவ்வளவு பேரும் என்ர ஆக்கள் எண்டு நினைக்க நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பக்கத்தைப் பிரட்டினன். ஆறாவது கேள்வி, மோகன ராக வர்ணம் ஒன்றின் பல்லவியைச் சுரதாளக் குறிப்பில் எழுதுக. வந்திட்டியோ. பதினைஞ்சு வருசமா எங்க போனனீ.

எழுதினன். முதல் சுத்து. ரெண்டாம் சுத்து. அந்த இடம் வருது எண்டு தெரியுது, த-வில இருந்து மேல போற இடம், ஆசை வருது, வரட்டும் எண்டு விட்டன், அதைத் தடுக்கேல்லை, தடுக்கிறதுதான் பிழை போல, இவ்வளவு நாளும் வாயைப் பொத்திக்கொண்டு பாடப் பாத்திருக்கிறன், இப்ப நான் பாடேல்லை, நான் கேக்கிறன். ஆரோ உள்ளுக்க பாடுறா. என்ர குரல்தான், ஆனா நான் வீட்டில பாடுறதை விட நல்லாப் பாடுறா, மேல் ச-வில போய் நிக்கிறா, எனக்கு எவ்வளவு நேரம் வேணுமோ அவ்வளவு நேரம் நிக்கிறா, நான் அவ நிக்கிற இடத்தையெல்லாம் பாத்துப் பாத்துக் கடதாசியில வைக்கிறன். கடைசிச் சுரத்தை எழுதிக் கோடு போட்டன். அப்பதான் கேட்டது. மெல்லிய முணுமுணுப்பு. மோகனம். மேசை மேசையாப் போற மிஸ் தலையைத் தூக்கிப் பாக்கிறா. ஐயோ வதனி, திருப்பியும் நீதான். மூச்சைப் பிடிச்சன். இறுக்கிப் பிடிச்சன். முணுமுணுப்பு நிக்கேல்லை. மூச்சில்லாம ஒருத்தரும் பாட ஏலாது, அப்ப நான் இல்லை. நான் இல்லை. இடப்பக்கம், ஒரு மேசை முன்னுக்கு, நீலச் சட்டைப் பிள்ளை, கண்ணை மூடிக்கொண்டு, பேனையைத் தூக்கிப் பிடிச்சபடி, பாவி, அவ அந்த மேல் ச-வுக்குப் போற இடத்தில நிக்கிறா. தான் பாடுறது அவவுக்குத் தெரியாது. மிஸ் திரும்பி அந்தப் பக்கம் நடக்கத் துவங்கிறா, இன்னும் நாலு மேசை, மூண்டு மேசை. நான் இருமினன். சின்ன இருமல் இல்லை, பஸ் மனுசி கேட்டிருந்தா மல்லிச் சாக்கையே தூக்கிக்கொண்டு வந்திருப்பா, தொண்டையில இருந்த அவ்வளவையும் சேத்து இருமினன், மண்டபம் முழுக்கத் திரும்பிச்சுது. நீலச் சட்டை திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்து, வாயை மூடி, குனிஞ்சு எழுதத் துவங்கிச்சுது. மிஸ் திரும்பி என்ர மேசைக்கு வந்து நிண்டா. "அன்ரி, இது பரீட்சை மண்டபம். சத்தம் போடாதேங்கோ. திருப்பிச் சத்தம் கேட்டா வெளியில இருத்த வேண்டி வரும்."

"சொறி மிஸ்," எண்டன். சிரிப்பு வந்திடும் எண்ட பயத்தில தலையைக் குனிஞ்சு கொண்டன். முதலாவது எச்சரிக்கை எனக்கு. அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறா.